வாழ்நாளை வகுப்பது ஊழா? வாழ்முறையா?

பிறப்பும் இறப்பும் மாந்தன் கையில் இல்லை என்பது மிகப் பழைய எண்ணம். இன்னார்க்கு இத்தனை ஆண்டு என்று பிறக்கும்பொழுதே தலையில் எழுதப்பட்டுவிட்டது என்னும் நம்பிக்கை இன்றும் மக்களிடையே வேரூன்றி நிற்கின்றது. ஒருவன் நாற்பது அகவையில் மாண்டால், 'அவன் எழுத்து அவ்வளவே' என்கின்றனர். ஒருத்தி எண்பதைக் கடந்து வாழ்ந்தால், 'அவள் உயிர் கெட்டி' என்கின்றனர். தனி ஒருவரின் சாவை முன்கூட்டியே கணித்துச் சொல்ல எவராலும் இயலாதுதான். ஆயின், கோடிக்கணக்கான மக்களின் பிறப்பையும் இறப்பையும் ஒருசேரத் தொகுத்துப் பார்க்குங்கால், தலையெழுத்து மறைந்துவிடுகின்றது. அம்மக்கள் வாழும் முறையும் அவர்கள் நடத்தப்படும் முறையுமே ஆங்கு வெளிப்பட்டு நிற்கின்றன. ஆடவர்க்கும் மகளிர்க்கும் இடையேயுள்ள வாழ்நாள் வேறுபாடு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

வாழ்நாள் அளவை என்று புள்ளியியலார் கூறுவது யாது? ஒரு நாட்டில், ஒரு காலத்தில், ஒவ்வோர் அகவையிலும் எத்தனை பேர் இறக்கின்றனர் என்று முதலில் கணக்கெடுக்கின்றனர். அந்த இறப்புநிலை மாறாமல் நீடிக்குமாயின், அன்று பிறந்த குழவி நிரவலாக எத்தனை ஆண்டு வாழும் என்று அடுத்துக் கணிக்கின்றனர். அதுவே பிறப்புநிலை வாழ்நாள் அளவை. அஃது இருபத்து மூன்று என்றால், அந்நாட்டார் அனைவரும் இருபத்து மூன்றாம் அகவையில் இறந்தனர் என்பது பொருளன்று. தொட்டிலிலேயே எண்ணற்ற குழவிகள் மடிந்தமையால் நிரவல் அவ்வளவு தாழ்ந்தது என்பதே பொருள். இதனை மனத்திற்கொண்டே பின்வரும் எண்களை நோக்குதல் வேண்டும்.

இன்று உலகில் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் ஆடவரினும் மகளிரே நீடு வாழ்கின்றனர். இதற்கு இயற்கை தந்த அடிப்படை ஒன்று உண்டு. அதனை மறுத்தல் கூடாது. நூறு பெண்குழவிகள் பிறக்குமிடத்து ஏறத்தாழ நூற்றைந்து ஆண்குழவிகள் பிறக்கின்றன. ஆயின், உலகப் பொதுநிலையில், குழவிப்பருவத்தில் இறப்போரிலும் ஆண்குழவிகளே மிகுதி. உயிரணுவின் உள்ளே மரபுக் கூறுகளைத் தாங்கி நிற்கும் நிறப்புரிகளுள் 'எக்சு' எனப்படுவது பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்றே. ஒன்றில் பழுதிருப்பின் மற்றொன்றைக் கொண்டு ஈடுகட்டும் வாய்ப்புப் பெண்ணுக்கு உண்டு. ஆணுக்கு அவ்வாய்ப்பு இல்லை. குருதி உறையாமை நோய் பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது இதனாலேயே. மேலும், மகப்பேற்றுக்குரிய அகவையில் பெண்ணுடலில் ஊறும் சுரப்புநீர், குருதிக் குழாய்களையும் நெஞ்சாங்குலையையும் ஓரளவு காத்து நிற்கின்றது. ஆகவே, வாழ்க்கையின் தொடக்கத்திலேயே பெண்ணுயிர்க்கு இயற்கை ஒரு முன்னுரிமை தந்துள்ளது என்பது மெய்யே.

அம்முன்னுரிமை எவ்வளவு? இவ்வினாவிற்கு விடைகாண, ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே வகையான வாழ்க்கை வாழும் இடமொன்று வேண்டும். செருமனியின் பவேரியாப் பகுதியிலுள்ள கிறித்தவத் துறவுமடங்களின் பதிவேடுகளில் மார்க்கு லூய் என்னும் மக்கள்தொகை அறிஞர் அத்தகைய இடத்தைக் கண்டார். துறவு பூண்ட ஆடவரும் மகளிருமாகிய 11,000-க்கும் மேற்பட்டோரின் வாழ்நாளை ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். மடத்தில் வாழ்வோர்க்கு உணவும் உறக்கமும் உழைப்பும் வழிபாடும் நேரம் வகுத்து நடப்பவை. ஆண்துறவிக்குப் போர்க்களம் இல்லை, சுரங்கம் இல்லை, குடும்பச்சுமை இல்லை. பெண்துறவிக்கு மகப்பேற்று இடர் இல்லை. வெளியுலகில் இருபாலார்க்கும் இடையே ஐந்தாறு ஆண்டு வேறுபாடு நிலவிய காலத்திலும், மடத்தின் மதிலுக்குள்ளே அஃது ஏறத்தாழ ஓராண்டளவாகவே சுருங்கி நின்றது. அதிலும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெண்துறவியர் வெளியுலகப் பெண்டிரைப் போன்றே வாழ்ந்து முடிந்தனர். ஆண்துறவியரோ வெளியுலக ஆடவரினும் சில ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தனர். இதனால், இயற்கை வகுத்த வேறுபாடு சிறிதென்பதும், எஞ்சிய பெரும்பகுதி மாந்தர் தாமே வகுத்துக்கொண்டதென்பதும் விளங்கும்.

மக்களின் பிறப்பிறப்புகளை நெடுங்காலமாகப் பதிந்துவைத்த சுவீடன் நாட்டின் வரலாறும் இதனையே கூறுகின்றது. அந்நாட்டில் 1751 முதல் 1790 வரையான காலத்தில் ஆடவரின் வாழ்நாள் அளவை 33.7, மகளிரது 36.6. வேறுபாடு மூன்றாண்டிற்குச் சற்றுக் குறைவு. இருபதாம் நூற்றாண்டில் ஆடவரிடையே வெண்சுருட்டுப் பழக்கம் பரவிய பின்னர், அவ்வேறுபாடு விரிந்து, 1970-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ ஆறாண்டாயிற்று. ஆடவர் புகையைக் கைவிடத் தொடங்கியதும், நெஞ்சாங்குலை நோய்க்கு நல்ல மருத்துவம் வாய்த்ததும் அது மீண்டும் சுருங்கியது. 2023-ஆம் ஆண்டில் ஆடவர்க்கு 81.6, மகளிர்க்கு 84.9 என்று ஆகிவிட்டது. ஒரு நூற்றாண்டில் விரிந்து மறு தலைமுறையில் சுருங்கும் ஒன்றை ஊழென்று எங்ஙனம் கொள்வது?

இதனினும் கொடிய எடுத்துக்காட்டு உருசியா. சோவியத்து ஒன்றியத்தில் 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோர்பச்சேவ் குடிக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தார். கடைகள் குறைக்கப்பட்டன, விலை உயர்த்தப்பட்டது, விற்பனை நேரம் சுருக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் 62-ஐயும் எட்டாதிருந்த உருசிய ஆடவரின் வாழ்நாள் அளவை, 1987-இல் ஏறத்தாழ 65-ஐத் தொட்டது. மூன்றே ஆண்டில் மூன்றாண்டு வாழ்நாள் கூடிற்று! பின்னர் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. 1991-இல் ஒன்றியமும் சிதைந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, சேமிப்புகள் கரைந்தன, வேலையிழந்த ஆடவரின் துயரைச் சாராயம் விழுங்கியது, சாராயம் அவர்களை விழுங்கியது. 1994-ஆம் ஆண்டில் உருசிய ஆடவரின் வாழ்நாள் அளவை 58-க்கும் கீழே சரிந்தது. அதே ஆண்டில் மகளிரின் அளவை 71-க்கு மேல் நின்றது. பதின்மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! அதே நிலம், அதே குளிர், அதே வறுமை. எனினும் பெண்கள் தாங்கினர், ஆண்கள் வீழ்ந்தனர். ஏழாண்டில் ஓர் இனத்தின் உடற்கூறு மாறிவிடுமா? மாறாது. மாறியது வாழ்முறையே. பிற்காலத்தில் குடி குறையக் குறைய, 2019-ஆம் ஆண்டில் ஆடவரின் அளவை 68 வரை ஏறியது. ஆயினும் மகளிர்க்கும் அவர்களுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி எஞ்சியே நின்றது.

இதுவரை கூறியவை ஆடவர் முந்திச் சாகும் நாடுகளின் செய்தி. இனி, இயற்கை தந்த முன்னுரிமையையும் பறித்து, பெண்களை முந்திச் சாகவைத்த நாட்டின் செய்தியைக் காண்போர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அந்நாடு இந்தியாவே.

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், பஞ்சமும் கொள்ளைநோயும் இருபாலாரையும் வாரிக்கொண்டு சென்ற காலத்தில், இந்தியப் பெண்களின் வாழ்நாள் அளவை ஆண்களதனினும் சற்றே மிகுந்திருந்தது. 1921-க்குப் பின்னர்ச் சாவு குறையத் தொடங்கியது. ஆனால், குறைந்த சாவின் பயன் இருவர்க்கும் ஒத்த அளவில் கிட்டவில்லை. 1951 முதல் 1961 வரையான பத்தாண்டில் ஆடவர்க்கு 41.9, மகளிர்க்கு 40.6. அடுத்த பத்தாண்டில் ஆடவர்க்கு 46.4, மகளிர்க்கு 44.7. 1970-75-இல் ஆடவர்க்கு 50.5, மகளிர்க்கு 49.0. நாடு விடுதலை பெற்று, மருத்துவமனைகள் பெருகி, தடுப்பூசி பரவிய காலத்தில், இடைவெளி பெண்களுக்கு எதிராக விரிந்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். மருந்து வந்தது; அது முதலில் மகனுக்குப் போயிற்று. பால் வந்தது, அது முதலில் மகனுக்குப் போயிற்று. காய்ச்சல் கண்ட மகனைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடிய கால்கள், காய்ச்சல் கண்ட மகளுக்குக் கைமருந்தே போதுமென்று வீட்டில் நின்றன. எல்லாரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்பதே இல்லாளுக்கு அழகென்று கற்பிக்கப்பட்டது. உடல் முதிராத அகவையில் மணமும், ஓயாத கருவுயிர்ப்பும், பயிற்சியில்லாதார் கையில் மகப்பேறும் சேர்ந்து எண்ணற்ற இளம்பெண்களைப் பலிகொண்டன. இவற்றுள் எதனை இயற்கை செய்தது? எதனை ஊழ் செய்தது?

அரசும் குமுகாயமும் நினைத்தால் இந்நிலை எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கையே சான்று. 1946-ஆம் ஆண்டில் அத்தீவில் ஆடவரின் வாழ்நாள் அளவை 43.9, மகளிரது 41.6. ஆங்கும் பெண்களே முந்தி மடிந்தனர். அதன்பின் நச்சுக்காய்ச்சலைப் பரப்பும் கொசு ஒழிக்கப்பட்டது. ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் அமர்த்தப்பட்டனர். கட்டணமில்லா மருத்துவம் சிற்றூர்வரை சென்றது. 1946-க்கும் 1953-க்கும் இடைப்பட்ட ஏழாண்டில் மகப்பேற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 1967-ஆம் ஆண்டில் ஆடவர்க்கு 64.8, மகளிர்க்கு 66.9 என்று நிலை தலைகீழாயிற்று. மகப்பேற்றுச் சாவு மிகுந்திருந்து குறைந்த மாவட்டங்களில் பெற்றோர் தம் பெண்மக்களை முன்னினும் மிகுதியாகப் பள்ளிக்கு அனுப்பினர் என்பதையும் ஆய்வாளர் பின்னாளில் கண்டறிந்தனர். மகள் வாழ்வாள் என்னும் உறுதி பிறந்தபோது, அவளுக்குக் கல்வி தரவேண்டும் என்னும் எண்ணமும் பிறந்தது. வாழ்நாள் கூடுவது எண் கூடுவது மட்டுமன்று, மதிப்பும் கூடுவதாகும்.

இந்தியாவில் அம்மாற்றம் காலந்தாழ்ந்தே வந்தது. 1981-85-ஆம் ஆண்டுகளில்தான் மகளிரின் அளவை 55.7 ஆகி, ஆடவரின் 55.4-ஐக் கடந்தது. 1990-ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், உலகில் இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இல்லாமற் போயினர் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவ்விழப்பிற் பெரும்பங்கு ஆசிய நாடுகளினது. தமிழ்நாடு இக்கறையினின்று நீங்கியதன்று. பெண்மகவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டியதாயிற்று. 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அச்சேலம் மாவட்டத்தில் ஆறு அகவைக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண்குழந்தைகள் 851 பேரே இருந்தனர். தாய்மையைப் போற்றுவதாகப் பறைசாற்றும் நிலத்தில் நிகழ்ந்த இழிவு இது.

இன்று நிலை தேறியிருக்கின்றது. 2016-20-ஆம் ஆண்டுகளுக்குரிய கணக்கின்படி இந்திய ஆடவரின் வாழ்நாள் அளவை 68.6, மகளிரது 71.4. 1,00,000 மகப்பேற்றுக்கு 1997-98-இல் 398 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 97 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 54 மட்டுமே. சிற்றூர்ச் செவிலியரும், மருத்துவமனை மகப்பேறும், பெண்கல்வியும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது. போற்றுதற்குரியது.

ஆயின், 'பெண்தான் மிகுதியாக வாழ்கின்றாளே, இனி அவளுக்கு என்ன குறை?' என்று கேட்போர் சிலர் கிளம்பியுள்ளனர். அன்னோர் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்ப்பாராக.

ஒன்று: நீண்ட வாழ்நாள் வேறு, நலமான வாழ்நாள் வேறு. 2019-21-இல் நிகழ்ந்த நாட்டளாவிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 அகவை வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். ஆடவருள் 25 விழுக்காட்டினரே அத்தகையோர். கடைசிப் பந்தியில் உண்ணும் வழக்கம் இன்னும் குருதியில் எழுதப்பட்டே இருக்கின்றது. கூடுதலாக வாய்த்த ஆண்டுகளை வலியோடும் தளர்ச்சியோடும் கழிப்பவளைப் பார்த்து, 'நீ பேறு பெற்றவள்' என்பது நகைப்பிற்குரியது.

இரண்டு: அக்கூடுதல் ஆண்டுகளை அவள் யாராக வாழ்கின்றாள்? கைம்பெண்ணாக வாழ்கின்றாள். வாழ்நாள் வேறுபாடு ஏறத்தாழ மூன்றாண்டு. மணமகன் மணமகளினும் ஐந்தாண்டு மூத்தவன் எனக் கொண்டால், பொதுக்கணக்கில் எட்டாண்டுக் கைம்மை ஒவ்வொரு மணத்தின்போதும் உடன் எழுதிவைக்கப்படுகின்றது. 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியாவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் கைம்பெண்கள். மனைவியை இழந்து தனித்திருந்த ஆடவரோ அத்தொகையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அவன் மறுமணம் செய்துகொள்கின்றான், அவள் செய்துகொள்வதில்லை.

இங்கேதான் குமுகாயத்தின் உள்ளக்கிடக்கை வெளிப்படுகின்றது. பெண்ணை வாழ்த்தும்பொழுது 'தீர்க்க சுமங்கலி' ஆகுக என்று வடமொழியில் வாழ்த்துகின்றனர். பொருள் தெரிந்துதான் வாழ்த்துகின்றனரா? கட்டுக்கழுத்தியாகவே இருந்து முடிக என்பது அதன் உட்பொருள். அஃதாவது, கணவனுக்கு முன்னே நீ செத்துப்போ என்பதாகும். கணவன் இருக்கையில் இறந்தவளைப் 'பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள், கொடுத்து வைத்தவள்' என்று தமிழிலும் புகழ்கின்றனர். ஒருத்தி முந்திச் சாவதைப் பேறென்றும், பிந்தி வாழ்வதைக் கேடென்றும் கருதும் மக்களிடையே பெண்ணின் வாழ்நாள் எங்ஙனம் மதிப்புப் பெறும்? இக்கொடுமை முழுவதும் வடக்கிருந்து வந்ததென்று சொல்லித் தமிழர் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. கைம்மை நோன்பின் கடுமையைப் புறநானூறே காட்டுகின்றது. பழைமையுள் ஏற்கத்தக்கதை ஏற்பதும், தள்ளத்தக்கதைத் தள்ளுவதுமே தமிழறிவின் கடமை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மகளுக்கும் மகனோடொத்த சொத்துரிமை தந்தது. அவ்வுரிமை ஏட்டில் உறங்காது வீட்டில் வழங்குமாயின், கணவனை இழந்தவள் மக்களின் கையை எதிர்நோக்கி நிற்கும் இரங்கத்தக்க நிலை பெரிதும் நீங்கும்.

இனி ஆடவர் பக்கம். பெண்ணின் வாழ்நாள் கூடியது அவளுக்கு இழைக்கப்பட்ட தீங்கு குறைந்ததால். ஆணின் வாழ்நாள் அவளோடொப்ப ஏறாமைக்குக் கரணியம் அவன் தனக்குத் தானே இழைத்துக்கொள்ளும் தீங்கு. 2016-17-இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இந்திய ஆடவருள் 42 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வகையில் நுகர்ந்தனர். பெண்களுள் 14 விழுக்காட்டினர். 2022-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்டோருள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆடவர். சாலையில் ஊர்தி மோதி மடிவோருள் பெரும்பாலோரும் ஆடவரே. நோய் வந்தால் மருத்துவரிடம் செல்வது ஆண்மைக்கு இழுக்கென்றும், அழுவது கோழைமையென்றும், குடிப்பது வீரமென்றும் கற்பிக்கப்பட்டவன், தன் கல்லறையைத் தானே தோண்டிக்கொள்கின்றான். பெண்ணை அடக்கிவைத்த அதே பொய்யான ஆண்மைக் கொள்கை, முடிவில் ஆணையும் முந்திக் கொல்கின்றது.

இதற்குத் துணைநிற்பது எது? 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003-ஆம் ஆண்டில் மதுவின் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. மகப்பேற்று மருத்துவமனையில் தாயைக் காக்கும் அதே அரசு, தெருமுனையில் தந்தைக்குக் குடியை ஊற்றிக் கொடுக்கின்றது. ஒரு கையால் வாழ்நாளைக் கூட்டி, மறு கையால் அதைக் குறைக்கின்றது. வருவாய் வருகின்றதே என்பர். உருசியா அவ்வருவாய்க்குக் கொடுத்த விலையை மேலே கண்டோர், அது வருவாயா இழப்பா என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்க. கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்னும் அச்சம் பொய்யன்று. உருசியாவிலும் அது பெருகியது. ஆகவே, கடையைக் குறைப்பதோடு குடியினின்று மீட்கும் மருத்துவமும், வேலையும், நல்ல பொழுதுபோக்கும் உடன் தரப்படல் வேண்டும்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பந்தியில், ஒரே அளவில் உணவிடுக. காய்ச்சல் யார்க்கு வரினும் ஒரே விரைவில் மருத்துவரிடம் கொண்டு செல்க. பெண்ணைப் படிக்க வைத்து, உடலும் உள்ளமும் முதிர்ந்த பின்னரே மணம் முடிக்க. மகனிடம் குடியும் புகையும் ஆண்மையல்ல என்பதைச் சிறு அகவையிலேயே சொல்லி வளர்க்க. கணவனை இழந்தவளுக்குப் பூவையும் பொட்டையும் மறுக்காதிருக்க. மண அவையில் அவளை முன்னிறுத்துக. மறுமணம் விரும்பின் துணைநிற்க. மணமக்களை வாழ்த்துவோர், ஒருவர்க்கு முன் ஒருவர் சாகுமாறு வாழ்த்தாமல், இருவரும் நலத்தோடு நீடு வாழ்க என்று தூய தமிழில் வாழ்த்துக.

பெண் முந்திச் செத்த காலத்தில் குமுகாயம் அவளுக்குக் கடன்பட்டது. ஆண் முந்திச் சாகும் காலத்திலோ தனக்கே கடன்படுகின்றது. இவ்விரு கடன்களையும் தீர்க்கும் ஆற்றல் மாந்தரிடமே உண்டு. இயற்கை எழுதியது ஓரிரு ஆண்டு வேறுபாடே. மற்றவற்றை எழுதிய கை மாந்தர் கை. எழுதிய கையே அதனைத் திருத்தியும் எழுதுக!